ஜாடிக்குள் போன சில்லறை

போன வாரம் ஒரு சாயங்காலம் மேஜை மேலிருந்த கண்ணாடி ஜாடியைத் தரையில் கவிழ்த்தேன். பெரிய காரணம் ஒன்றும் இல்லை. ஜாடி நிரம்பி, மேலே போடுகிற காசு வழுக்கி வெளியே விழ ஆரம்பித்துவிட்டது. எத்தனை வருஷச் சேகரிப்பு என்று எனக்கே ஞாபகம் இல்லை. வீட்டுக்கு வந்ததும் பையில் கனக்கிற சில்லறையை அதில் கொட்டுவது பழக்கம். எடுப்பது பழக்கம் இல்லை.

குவியலை அளைந்து பிரித்து முடிப்பதற்குள் விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. கையை முகர்ந்தால் அந்தக் காசு வாடை. அது உலோகத்தின் வாடை என்றுதான் நாம் நினைக்கிறோம். உண்மையில் நம் தோலில் இருக்கும் எண்ணெய்ப் பசை உலோகத்தோடு சேர்ந்து கிளப்புகிற வாடை அது. அதாவது, காசிலிருந்து அடிப்பது நம் வாடைதான்!

அடுத்து பர்ஸைத் திறந்து, அதே மதிப்புள்ள சிறிய நோட்டுகளைப் பக்கத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் யாரோ பேனாவால் கூட்டல் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்றின் நடுமடிப்பு நூல் பிரிந்த துணி மாதிரி ஆகிவிட்டது. இன்னொன்று செல்லோடேப்பின் தயவில் உயிர் வாழ்கிறது. அந்த டேப் ஒட்டிய நோட்டை நாளைக்கே யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும் என்றுதான் என் மனசு முதலில் கணக்குப் போட்டது. ஜாடிக் காசு விஷயத்தில் அப்படி ஓர் அவசரமே எழவில்லை. அது பத்து வருஷம் அங்கேயே கிடந்தாலும் கெட்டுப்போகாது.

கொஞ்ச நேரம் கழித்துதான் இதில் ஒரு விஷயம் உறைத்தது. சிறிய தொகைக்குக் காசு நல்லதா, நோட்டு நல்லதா என்று அரசுகள் பல பத்தாண்டுகளாக மண்டையை உடைத்துக்கொள்கின்றன. அந்தக் கணக்கில் முக்கியமான எண்ணே இந்த ஜாடிதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் எளிமையானது. நோட்டு சீக்கிரம் கிழியும், காசு முப்பது வருஷம் உழைக்கும். அடிக்கிற செலவு காசுக்கு அதிகம் என்றாலும், ஆயுளோடு வகுத்துப் பார்த்தால் காசுதான் மலிவு. ஆகவே சிறிய மதிப்பு நோட்டை நிறுத்து, காசை அடி. பல நாடுகள் இதைத்தான் செய்தன. பிரிட்டன் 1983இல் 1 பவுண்டு நாணயம் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 1984இல் 1 டாலருக்கும் 1988இல் 2 டாலருக்கும் நாணயம் அடித்தது. ஜப்பான் 1982இலேயே 500 யென் நோட்டுக்கு மாற்றாக நாணயம் வெளியிட்டுவிட்டது. யூரோ 2002இல் புழக்கத்துக்கு வந்தபோது ஆரம்பத்திலிருந்தே 1, 2 யூரோ இரண்டும் நாணயங்கள்தான். 5 யூரோவில்தான் நோட்டு தொடங்குகிறது. நடுவில் இத்தாலி போன்ற சில நாடுகளிலிருந்து 1 யூரோ நோட்டு வேண்டும் என்று குரல் எழுந்தது. ஐரோப்பிய மத்திய வங்கி மசியவில்லை.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தால் உலகம் முழுக்க ஒரே மாதிரி நடந்திருக்க வேண்டும். நடக்கவில்லை. ஏன் என்று பார்க்க அமெரிக்காவையும் கனடாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். ஒரே கண்டம், பக்கத்து நாடு, கிட்டத்தட்ட ஒரே மாதிரி வாழ்க்கை. முடிவு மட்டும் நேரெதிர்.

அமெரிக்காவில் 1970களில் ஒரு டாலர் நாணயம் இருந்தது. முன்னாள் அதிபர் ஐசன்ஹோவர் தலை போட்டது, 38 மில்லிமீட்டர் அகலம். பாக்கெட்டில் நாலு போட்டால் கால்சட்டை இறங்கிவிடும். சரி, சின்னதாக அடிப்போம் என்று 1979இல் பெண் வாக்குரிமைப் போராளி சூசன் பி. அந்தோணியின் உருவத்தோடு ஒரு புது நாணயம் வந்தது. 26.5 மில்லிமீட்டர். அவர்களுடைய 25 சென்ட் நாணயம் 24 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். நிறமும் அதே வெள்ளி நிறம், விளிம்பிலும் அதே வரிவரியான வெட்டு. விளைவு என்ன ஆகும்? கால் டாலர் என்று நினைத்து ஒரு டாலரை நீட்டினார்கள் மக்கள். ஒரு தடவை அப்படி ஏமாந்தவன் அடுத்த தடவை அந்தக் காசைக் கையாலும் தொடமாட்டான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த நாணயத்தை முதலில் பதினொரு பக்கம் உள்ளதாகத்தான் வடிவமைத்தார்கள். விரலால் தடவினாலே வித்தியாசம் தெரிந்திருக்கும். காசு போட்டால் பொருள் தரும் தானியங்கி இயந்திரக்காரர்கள் அதை எதிர்த்தார்கள். வட்டமாக இருந்தால்தான் எங்கள் இயந்திரத்துக்கு ஒத்துவரும் என்றார்கள். சரி என்று வெளி விளிம்பை வட்டமாக்கிவிட்டு, உள்ளே மட்டும் பதினொரு பக்கக் கோடு ஒன்றைப் போட்டு வைத்தார்கள். கண்ணுக்குப் பதினொரு பக்கம், கைக்கு வட்டம். ஒரு குழுவில் பத்துப் பேர் உட்கார்ந்து எல்லாருக்கும் விட்டுக்கொடுத்தால் என்ன வரும் என்பதற்கு அந்த நாணயத்தை விடச் சிறந்த சாட்சி கிடையாது.

எட்டு வருஷம் கழித்து, 1987இல், கனடா தன் ஒரு டாலர் நாணயத்தை வெளியிட்டது. அதே 26.5 மில்லிமீட்டர். ஆனால் பொன்னிறம், நிஜமாகவே பதினொரு பக்கம். அமெரிக்கா கைவிட்ட யோசனையை எடுத்து முழுசாகச் செய்துகாட்டிய மாதிரி.

கனடாவின் நாணயத்துக்கும் ஒரு கதை இருக்கிறது. முதலில் அதில் இருக்க வேண்டியது படகோட்டிகள் உருவம். அதற்கான மூல அச்சுகளை 1986 நவம்பரில் ஒட்டாவாவிலிருந்து வின்னிபெக் நாணயச்சாலைக்கு அனுப்பினார்கள். பாதுகாப்பான வண்டிக்குக் கொடுக்க வேண்டிய கூலியில் சில பத்து டாலர் மிச்சம் பிடிக்க, சாதாரணக் கூரியரில் போட்டார்கள். அச்சு போய்ச் சேரவே இல்லை. இன்றுவரை கிடைக்கவும் இல்லை. திருடியவன் கள்ளக்காசு அடித்துவிடுவானோ என்று பயந்து படத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. ஏற்கெனவே கைவசம் இருந்த 'லூன்' என்ற நீர்ப்பறவையின் ஓவியத்தைப் போட்டார்கள். மக்கள் அந்தக் காசை 'லூனி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். பின்னால் 1996இல் 2 டாலர் நாணயம் வந்தபோது அதுவே 'டூனி' ஆனது. டூனி இரண்டு உலோகம் சேர்ந்தது. வந்த புதிதில் சிலவற்றில் நடு வட்டம் கழன்று விழுந்தது. கழலுமா என்று பார்க்கச் சுத்தியலால் அடித்துப் பார்த்தவர்களும் உண்டு. 2002 குளிர்கால ஒலிம்பிக்கில் சால்ட் லேக் சிட்டி ஹாக்கி அரங்கின் பனித்தரையைத் தயாரித்த கனடாக்காரர் ஒருவர், நடுமையத்தில் பனிக்கு அடியில் ஒரு லூனியைப் புதைத்து வைத்தார். கனடாவின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே தங்கம் வென்றன. அந்தக் காசைத் தோண்டி எடுத்து ஹாக்கி நினைவுக்கூடத்துக்குக் கொடுத்தார்கள். ஒரு காசுக்குச் செல்லப்பெயர் விழுந்துவிட்டது என்றால் அது வீட்டுக்குள் வந்துவிட்டது என்று அர்த்தம்.

ஆனால் லூனி ஜெயித்தது பறவையாலும் இல்லை, நிறத்தாலும் இல்லை என்பது என் கட்சி. கனடா 1989 ஜூன் 30ஆம் தேதியோடு ஒரு டாலர் நோட்டு வெளியிடுவதை நிறுத்தியது. அவ்வளவுதான் ரகசியம். அமெரிக்கா நோட்டை நிறுத்தவே இல்லை. அங்கே 2000இல் சகாகவேயா என்ற பூர்வகுடிப் பெண்ணின் உருவத்தோடு பொன்னிற நாணயம் வந்தது, 2007லிருந்து அதிபர்கள் முகம் போட்ட வரிசை வந்தது. நிறம் மாறியது, படம் மாறியது, விளம்பரம் கொட்டியது. பக்கத்திலேயே பச்சை நோட்டும் இருந்தது. கையில் இரண்டும் இருந்தால் கை நோட்டைத்தான் எடுக்கும். சட்டைப் பையில் கனக்காது, சத்தம் போடாது, மடித்து வைக்கலாம். எந்த நாட்டு மனிதனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். அதனால் மக்களிடம் கேட்டு முடிவு செய்கிற விஷயமே இல்லை இது.

2011 முடிவில் அமெரிக்கா புழக்கத்துக்காக அதிபர் நாணயம் அடிப்பதை நிறுத்தியபோது, யாரும் கேட்காத டாலர் நாணயம் சுமார் 140 கோடி மத்திய வங்கியின் பெட்டகங்களில் முடங்கிக் கிடந்தது. அதற்கு முன் அதைப் பரப்புவதற்கு அமெரிக்க நாணயச்சாலை ஒரு திட்டம் போட்டது. நாணயத்தை முகமதிப்புக்கே விற்போம், அனுப்பும் செலவும் எங்களுடையது, கடன் அட்டையில் பணம் கட்டலாம் என்றது. விமானப் பயணப் புள்ளி சேர்ப்பவர்கள் விடுவார்களா? அட்டையில் ஆயிரக்கணக்கில் நாணயம் வாங்கினார்கள், பெட்டியைப் பிரிக்காமல் அப்படியே வங்கியில் கொண்டுபோய்க் கட்டினார்கள், அந்தப் பணத்தில் அட்டைக் கடனை அடைத்தார்கள். புள்ளி மட்டும் மிச்சம். நாணயம் நாணயச்சாலையிலிருந்து கிளம்பி, ஒருவர் வீட்டு வாசலைத் தொட்டுவிட்டு, மறுபடி பெட்டகத்துக்கே போய்ச் சேர்ந்தது. 2011இல் கடன் அட்டையை ஏற்பதை நிறுத்திய பிறகுதான் இது ஓய்ந்தது. எனக்கு இதைப் படித்தபோது அவர்கள் மேல் கோபம் வரவில்லை. தோன்றவில்லையே நமக்கு என்றுதான் இருந்தது.

சொந்த ஊரில் சீந்துவாரில்லாத அதே சகாகவேயா நாணயம் ஈக்வடாரில் சக்கைப்போடு போடுகிறது. 2000இல் அந்த நாடு தன் பணத்தைக் கைவிட்டு அமெரிக்க டாலரையே சொந்தப் பணமாக எடுத்துக்கொண்டது. அங்கே கைமாறிக் கைமாறிக் கந்தலான நோட்டை விடக் கெட்டியான காசு மேல் என்று மக்கள் கண்டுகொண்டார்கள். ஜிம்பாப்வே கதை இதற்குக் கூடப்பிறந்தது. 2009இல் சொந்தப் பணம் மதிப்பிழந்து போய் அமெரிக்க டாலரில் புழங்க ஆரம்பித்தபோது, ஒரு டாலர் நோட்டுகள் கைபட்டுக் கைபட்டு அழுக்குத் துணி மாதிரி ஆகி நாறின. சோப்புத் தண்ணீரில் அலசிக் கொடியில் உலர்த்தினார்கள். அமெரிக்க நோட்டு பருத்தியும் லினனும் கலந்தது, உண்மையில் துணிதான், அதனால் தாங்கியது. அங்கே இன்னொரு தொல்லை, டாலருக்குக் கீழே சில்லறையே கிடையாது. பாக்கிக்கு மிட்டாயும் பேனாவும் கொடுத்துச் சமாளித்தார்கள்.

இப்போது ஜாடிக்கு வருகிறேன்.

அமெரிக்க நாடாளுமன்றத்துக்காகக் கணக்குப் பார்க்கும் ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பு, நோட்டை நிறுத்திவிட்டு நாணயத்துக்கு மாறுங்கள் என்று பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தது. 2011 அறிக்கையில் முப்பது வருஷத்தில் 550 கோடி டாலர் லாபம் என்றது. செய்தியாகப் படிக்கும்போது, ஆகா, காசு நீண்டநாள் உழைப்பதால் வரும் மிச்சம் என்று தோன்றும். அறிக்கைக்குள் போனால் விஷயம் வேறு. அந்த லாபம் உலோகத்தின் ஆயுளால் வருவது அல்ல. ஒரு டாலர் நோட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தை நாணயத்தால் நிரப்ப, நோட்டு ஒன்றுக்கு நாணயம் ஒன்றரை வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். நோட்டு சுற்றும், காசு எங்காவது படுத்துக்கொள்ளும். மேஜை இழுப்பறை, காரின் கதவு இடுக்கு, சோபா மெத்தைக்கு அடி, என் வீட்டு ஜாடி. படுத்துக்கொண்ட காசுக்குப் பதிலாக இன்னொரு காசை அடிக்க வேண்டும்.

ஒவ்வொரு காசு அடிக்கும்போதும் முகமதிப்புக்கும் செய்கூலிக்கும் உள்ள வித்தியாசம் அரசுக்கு வரவு. நான் என் சம்பளத்தில் ஒரு பகுதியை ஜாடியில் போட்டு மூடி வைத்தால், அந்தத் தொகையை வட்டியில்லாமல் அரசுக்குக் கடன் கொடுத்திருக்கிறேன் என்றுதான் பொருள். திருப்பிக் கேட்காத கடன்காரன் நான். ஒரு நாடு முழுக்க இப்படி ஜாடிகள் இருந்தால் அரசு அந்த அளவுக்கு வெளியே வட்டிக்கு வாங்க வேண்டாம். 550 கோடியும் இதுதான். ஒருபக்கம் பார்த்தால் தேசத்துக்கு மிச்சம், இன்னொரு பக்கம் பார்த்தால் என் சோம்பேறித்தனத்தின் மேல் போட்ட வரி.

கதை அங்கேயும் முடியவில்லை. டாலர் நோட்டு ஒன்றரை வருஷம்தான் தாங்கும் என்பது 1990 வாக்கில் போட்ட கணக்கு. அப்புறம் நோட்டு எண்ணும் இயந்திரங்களின் சென்சார் மேம்பட்டது. நல்ல நோட்டைக் கெட்டது என்று தவறாகக் கழித்துக்கட்டுவது குறைந்தது. மக்கள் அட்டைக்கு மாறியதால் நோட்டு முன்பு போலக் கைமாறுவதும் இல்லை. ஆயுள் ஆறு வருஷத்தைத் தாண்டியது. 2019இல் அதே ஜி.ஏ.ஓ. திரும்பக் கணக்குப் போட்டு, நாணயத்துக்கு மாறினால் முப்பது வருஷத்தில் நஷ்டம்தான் வரும் என்று சொல்லிவிட்டது. பல வருஷமாகச் சொன்ன அறிவுரை, ஒரே அறிக்கையில் குப்புற விழுந்தது. பிளாஸ்டிக் நோட்டு வந்த நாடுகளில் இந்தத் தராசு இன்னும் சாயும். ருமேனியாவில் ஆகச் சிறிய நோட்டு 1 லெயு. அது பிளாஸ்டிக்கில் வருகிறது. அவர்களுக்கு நாணயத்துக்கு ஓடுகிற அவசரம் இல்லை.

நோட்டைத்தான் நம்ப முடியாது, காசில் ஏமாற்ற முடியாது என்ற நினைப்பும் ஒன்று இருக்கிறது. தமிழில் நேர்மைக்கே 'நாணயம்' என்றுதான் பெயர். 'நோட்டானவர்' என்று யாரையும் பாராட்டுவதில்லை. ஆனால் நாணயமில்லாத நாணயத்துக்கு உலகத்தில் குறைவே இல்லை. ஜப்பானின் 500 யென்னும் தென்கொரியாவின் 500 வொன்னும் ஒரே ஆண்டில், 1982இல், பிறந்தவை. அகலம் இரண்டும் 26.5 மில்லிமீட்டர், உலோகம் செம்பும் நிக்கலும். எடை மட்டும் யென் 7.2 கிராம், வொன் 7.7 கிராம். மதிப்பில் வொன், யென்னில் பத்தில் ஒரு பங்குதான். மோசடிக்காரர்கள் என்ன செய்தார்கள்? கொரியக் காசில் துளைப்பானால் சின்னச் சின்னக் குழி போட்டு அந்த அரை கிராமை எடுத்தார்கள். ஜப்பானிய இயந்திரத்தில் போட்டார்கள். பொருள் எதுவும் வாங்கவில்லை. வேண்டாம் என்று திரும்பக் கேட்கும் பிடியை அழுத்தினார்கள். இயந்திரம் தன்னிடமிருந்த நல்ல 500 யென்னை எடுத்து நீட்டியது. கடைசியில் ஜப்பான் 2000இல் உலோகக் கலவையையே மாற்ற வேண்டியதாயிற்று. 2021இல் இரு நிறத்தில் இன்னொரு தடவை மாற்றியது.

பிரிட்டனில் 1 பவுண்டு நாணயத்தில் ஏறத்தாழ முப்பதில் ஒன்று கள்ளக்காசு என்ற நிலை வந்து, 2017இல் பன்னிரண்டு பக்கமுள்ள புது நாணயத்துக்கு மாறினார்கள். பழைய வட்டக் காசு அதே ஆண்டு அக்டோபரில் செல்லாக்காசானது. இவர்களாவது காசிலிருந்து காசுக்கு மாறினார்கள். மலேசியா காசையே கைவிட்டது. அங்கே 1 ரிங்கிட் நாணயம் 1989இல் வந்து, கள்ளக்காசுத் தொல்லை தாங்காமல் 2005 டிசம்பர் 7ஆம் தேதியோடு செல்லாது என்று ஆனது. இன்று ஒரு ரிங்கிட் என்றால் நோட்டுதான். ஹாங்காங் 1994இல் 10 டாலருக்கு இரு உலோக நாணயம் கொண்டுவந்தது, 2002இல் அரசே மறுபடி 10 டாலர் நோட்டை வெளியிட்டது. முன்னேற்றம் என்றால் நோட்டிலிருந்து காசுக்குப் போவது என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் போனால், நோட்டு பிறந்ததே காசின் கனத்தால்தான். சீனாவின் சிச்சுவானில் இரும்புக் காசு புழங்கியது. கனம் தாங்காமல் வணிகர்கள் அதை ஓரிடத்தில் ஒப்படைத்துவிட்டுச் சீட்டு வாங்கிக்கொண்டார்கள். 1020களில் அந்தச் சீட்டு வெளியிடுவதை அரசே எடுத்துக்கொண்டது. ஸ்வீடன் 1644இல் அடித்த 10 டாலெர் (அந்த நாட்டின் அன்றைய பணம்) செம்புத் தகடு ஒன்றின் எடை கிட்டத்தட்ட 20 கிலோ. ஒரே ஒரு காசு! திருடனே தூக்கமாட்டான். அந்த நாட்டில்தான் 1661இல் ஐரோப்பாவின் முதல் வங்கி நோட்டு வந்தது என்பதில் ஆச்சரியமில்லை. (சீனாவின் நடுவில் ஓட்டை போட்ட அந்தக் காசை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்பார்கள். நம்முடைய 'காசு' போர்த்துகீசியர் வாய் வழியாகப் போய் அப்படி ஆனது. ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு, அது பணப்பெட்டியிலிருந்து வந்த சொல். இரண்டும் ஒன்று என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு, அதனால் சொல்லி வைக்கிறேன்.)

ஆக, நோட்டு பெரிய தொகைக்குப் பிறந்தது. சின்னத் தொகைக்கு நோட்டு வருவது பெரும்பாலும் கெட்ட காலத்தில்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல், மக்கள் காசையெல்லாம் பதுக்கிவிட்டார்கள். முதலில் தபால்தலையைச் சில்லறையாகப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பசை விரலில் ஒட்டியது. பிறகு அரசே 3 சென்ட் வரைக்கும் நோட்டு அடித்தது. இந்தியாவின் முதல் ஒரு ரூபாய் நோட்டும் 1917இல், முதல் உலகப்போரின் வெள்ளித் தட்டுப்பாட்டில் பிறந்ததுதான். 1970களில் இத்தாலியில் சில்லறை காணாமல் போய், வங்கிகள் குட்டிக் குட்டிக் காசோலை அச்சடித்தன. தொலைபேசியில் போடும் வில்லையே பணமாகச் சுற்றியது. 2008 வாக்கில் அர்ஜென்டினாவின் தலைநகர் புவெனஸ் அயர்ஸில் பேருந்துக் கட்டணத்தைக் காசாகத்தான் கட்ட முடியும், ஆனால் காசு எங்கும் கிடைக்காது. இருபது கிலோ தகட்டைப் பார்த்துச் சிரிக்கலாம். காசே இல்லாத நகரத்தில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பவனுக்குச் சிரிப்பு வராது.

இந்த விவாதங்களில் அதிகம் பேசப்படாதவர்கள் பார்வையற்றவர்கள். எனக்கு இதில்தான் காசுப் பக்கம் சாயத் தோன்றுகிறது. கண்ணை மூடிக்கொண்டு குவியலிலிருந்து ஒவ்வொரு காசாக எடுத்துத் தடவிப் பார்த்தேன். வழவழ விளிம்பு, வரி விளிம்பு, கனம், பருமன். பத்தில் எட்டைச் சரியாகச் சொன்னேன். நோட்டில் ஒன்றும் தேறவில்லை. பழைய நோட்டில் விரலுக்கென்று போட்ட குறியெல்லாம் தேய்ந்து போயிருக்கிறது. யூரோ நாணயங்களை இதை மனதில் வைத்தே வடிவமைத்தார்கள். 20 சென்ட்டின் விளிம்பில் ஏழு பள்ளம் வெட்டியிருக்கிறது. விரல் நகத்தால் சுற்றிவந்தால் போதும். அமெரிக்க நோட்டுகளோ 1 டாலரிலிருந்து 100 டாலர் வரை ஒரே அளவு. இது பார்வையற்றவர்களுக்கு எதிரான பாகுபாடு என்று 2008இல் அங்கே மேல்முறையீட்டு நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

அடுத்தது இயந்திரம். வேலை நிமித்தம் போன ஓர் ஊரில், ராத்திரி கடைசி ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டியிருந்தது. இயந்திரம் மட்டும்தான், ஆள் கிடையாது. என் நோட்டை உள்ளே இழுத்தது, கொஞ்சம் யோசித்தது, நாக்கை நீட்டுகிற மாதிரி வெளியே தள்ளியது. மூலையை நீவினேன். தள்ளியது. தொடையில் வைத்து இஸ்திரி போடுகிற மாதிரி தேய்த்தேன். தள்ளியது. திருப்பிப் போட்டேன், தலைகீழாகப் போட்டேன். ரயில் போய்விட்டது. பக்கத்தில் காசு போடும் துளை சும்மா திறந்து கிடந்தது. என் காசெல்லாம் வீட்டு ஜாடியில். நோட்டைப் படிக்கிற கருவி அதன் படத்தையும் மையையும் பார்க்க வேண்டும். கசங்கினால் அதற்குக் குழப்பம். காசுக்கு அந்த வம்பு இல்லை. ஒரு சரிவில் உருண்டு மின்சுருளைத் தாண்டும்போதே அளவும் உலோகமும் தெரிந்துவிடும். பிரிட்டன் 1969இல் பத்து ஷில்லிங் நோட்டுக்குப் பதிலாக அடித்த 50 பென்ஸ் ஏழு பக்கம் உள்ளது. ஆனால் பக்கங்களை லேசாக வளைத்திருப்பதால் எந்தத் திசையில் அளந்தாலும் அகலம் ஒன்றே. கைக்கு ஏழு பக்கம், இயந்திரத்துக்கு வட்டம். பத்து வருஷம் கழித்து அமெரிக்கர்கள் இதைத் தலைகீழாகச் செய்தார்கள் என்று மேலே சொன்னேனே, அதுதான்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும், வாங்குகிறவர் கையை மடக்கிக்கொண்டால் எல்லாம் வீண். இந்தியாவில் 10 ரூபாய் நாணயம் 2009இல் புழக்கத்துக்கு வந்தது. காலப்போக்கில் பல வடிவங்கள் சேர்ந்தன. ரூபாய்க் குறி போட்டது, போடாதது என்று. எது நிஜம், எது போலி என்ற புரளி கிளம்பி, பல இடங்களில் மக்கள் வாங்க மறுத்தார்கள். 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி, இதுவரை வெளியிட்ட 14 வடிவங்களும் செல்லும் என்று அறிக்கை விட வேண்டியிருந்தது. கள்ளக்காசால் கெட்டது மலேசிய நாணயம். இங்கே கள்ளக்காசு என்ற பேச்சே போதுமானதாக இருந்தது. இதே காலத்தில் கந்தலான 10 ரூபாய் நோட்டும் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நோட்டு இருக்கும்வரை மறுப்பதற்கு ஒரு வசதி இருக்கிறது.

என்னைக் கேட்டால், எது காசு எது நோட்டு என்பதற்கு ஒரே எல்லை கிடையாது. சுவிஸ்காரர்கள் 5 பிராங்கையே காசாக வைத்திருக்கிறார்கள். பல நாடுகளில் அதற்குச் சமமான தொகைக்கு நோட்டு நீட்டுவார்கள். 1879இல் அடித்த அவர்களுடைய 10 ராப்பென் காசு இன்றும் செல்லும், படமும் மாறவில்லை. பணவீக்கம் அடக்கமாக இருந்தால் ஒரு காசு இப்படி நூற்றைம்பது வருஷம் வாழலாம். மற்ற இடங்களில் விலைவாசி ஏற ஏற நேற்றைய நோட்டு இன்றைக்குக் காசாக வேண்டும், நேற்றைய காசு இன்றைக்கு மறைய வேண்டும். மறைய மறுத்தால் அமெரிக்காவின் 1 சென்ட் கதிதான். ஒரு சென்ட் காசை அடிக்க மூன்றரை சென்ட்டுக்கு மேல் செலவு செய்து, பல வருஷம் இழுத்து, 2025இல்தான் அடிப்பதை நிறுத்தினார்கள். கனடா அதை 2012இலேயே முடித்துவிட்டது. இங்கேயும் கனடாதான் முந்தியது, பாருங்கள். மாற்றுவது என்றால் தேதி குறித்துப் பழையதை எடுத்துவிட வேண்டும். இரண்டையும் விட்டு வைத்து, நாணயத்தின் மேல் அழகான படம் போட்டால் ஜனங்கள் மாறுவார்கள் என்று காத்திருப்பதில் பயனில்லை.

டேப் ஒட்டிய நோட்டு மறுநாளே கைமாறிவிட்டது. ஜாடிக் காசில் ஒரு கைப்பிடியை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு ரயிலுக்குப் போனேன், ஒவ்வொன்றாக இயந்திரத்தில் போட்டேன். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது, ஒன்றைத் தவிர. அந்த ஒன்று மட்டும் கடகடவென்று உள்ளே இறங்கி அடிக் கிண்ணத்தில் வந்து விழுந்தது. இரண்டாம் தடவையும் அப்படியே. அப்போதுதான் துளையைச் சுற்றி கவனித்தேன். வண்ணப்பூச்சு போய், தகரம் தெரிகிற அளவுக்கு அரைவட்டமாக நூற்றுக்கணக்கான கீறல். எனக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் காசை அங்கே வைத்து உரசியிருக்கிறார்கள். உரசினால் இயந்திரம் ஏற்கும் என்பதற்கு ஓர் ஆதாரமும் இல்லை, எனக்கும் தெரியும். நானும் அந்தக் கீறல் மேலேயே வைத்து நாலு உரசு உரசிவிட்டு மூன்றாம் தடவை போட்டேன். வாங்கிக்கொண்டது.